ஆஸ்பத்திரி வாசலில் பேசி முடிக்காதீர்கள்

சிக்கந்தர்சாவடியிலிருந்து அலங்காநல்லூர் போகும் சாலையில் ஒரு கார் பைக்கில் மோதினால், ஆம்புலன்ஸ் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையைச் சேர்வதற்குள் இரு தரப்புக்கும் தெரிந்தவர் ஒருவர் கிளம்பி வந்துவிடுவார். "செலவை அவங்களே பாத்துக்கிறாங்களாம்ணே. கேஸ் கீஸ்னு போயி அந்தப் பையன் பொழப்பக் கெடுக்க வேணாம்" என்பார். பெரும்பாலும் நல்ல மனதோடுதான் சொல்வார். அடிபட்டவர் வீட்டாரும், பக்கத்து ஊர்க்காரர் ஆயிற்றே என்று முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

இரக்கப்படுவது நல்லதுதான். ஆனால் இழப்பீடு கார் ஓட்டிய அந்தப் பையன் சட்டைப்பையிலிருந்து வருவதில்லை. சாலையில் ஓடும் வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு இருந்தாக வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். காவல் நிலையத்தில் அந்தப் பையன் மேல் வழக்குப் பதிவாகும், உண்மைதான். ஆனால் பாலிசியும் ஓட்டுநர் உரிமமும் செல்லுபடியானால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொல்லும் தொகையைக் காப்பீட்டு நிறுவனம்தான் கட்டும். அதற்காகத்தான் கார்க்காரர் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டுகிறார்.

அந்தத் தொகை எவ்வளவு இருக்கும்? மாதம் 12,000 ரூபாய் சம்பாதிக்கும் 32 வயதுக் கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். கால் முறிவால் அவருடைய சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் நிரந்தரமாகப் போய்விட்டது. 40 வயதுக்குட்பட்ட சுயதொழில் செய்பவர்களின் வருமானத்தோடு எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. ஆக மாதம் 16,800, ஆண்டுக்கு 2,01,600. இந்த வயதுக்கு 2009-இன் சரளா வர்மா தீர்ப்பு தந்த பெருக்கு எண் 16. பெருக்கி அதில் 30 சதவீதம் எடுத்தால் 9,67,680 ரூபாய். மருத்துவச் செலவும் வலி வேதனைக்கான தொகையும் படுத்துக்கிடந்த மாதங்களின் கூலியும் இதற்கு மேல். நாற்பதாயிரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்த 30 சதவீதத்தை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் உழைப்பாளிகள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். மருத்துவ வாரியம் தரும் ஊனச் சதவீதமே முடிவான கணக்கு அல்ல. 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: ஒரே காயம் எழுத்தரின் வருமானத்தைத் தொடாமல் போகலாம், தச்சரின் பிழைப்பை முழுசாகப் பறித்துவிடலாம். எனவே கரும்பு வெட்டுகிறவர் இனி குனிய முடியாது, சுமை தூக்க முடியாது என்பதைத் தீர்ப்பாயத்தில் சாட்சியமாகச் சொல்ல வேண்டும். சம்பளச் சீட்டு இல்லையே என்று தயங்க வேண்டாம். காய்கறி விற்றுவந்த ஒருவர் காலை இழந்த வழக்கில், வருமானச் சான்று இல்லாதபோதும் மாதம் 6,500 ரூபாய் வருமானத்தையும் 85 சதவீத இழப்பையும் உச்ச நீதிமன்றம் 2014-இல் ஏற்றது.

முதல் சில நாட்களில் சேரும் காகிதங்கள்தான் வழக்கைத் தாங்கும். மருத்துவமனையில் சேர்க்கும்போது "வண்டியிலிருந்து விழுந்துட்டார்" என்று யாரோ சொல்ல, ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டில் அது அப்படியே ஏறிவிட்டால், கார் மோதியதை நிரூபிப்பது பெரும்பாடு. எந்த வண்டி, எங்கே, எப்படி என்று சொல்லிப் பதியச் செய்யுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துக் கடை ரசீது எதையும் விட்டுவிடாதீர்கள். சிகிச்சைக்குப் பணம் இல்லையே என்று யாரிடமும் பணிய வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வரம்புக்குட்பட்டுக் கட்டணம் இல்லை.

விபத்து நடந்த 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போடுங்கள். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்தக் கெடு இப்போது உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. அதை நம்பித் தள்ளிப்போடுவது ஆபத்து. விபத்து சென்னையில் நடந்திருந்தாலும், அலங்காநல்லூரில் குடியிருப்பவர் மதுரைத் தீர்ப்பாயத்திலேயே எம்.சி.ஓ.பி. எனும் இந்த இழப்பீட்டு மனுவைப் போடலாம். வார்டுக்குள் வந்து வெற்று வக்காலத்தில் கையெழுத்துக் கேட்கும் புரோக்கரை அனுப்பிவிடுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். தொலைபேசி எண் 15100. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொண்டால் அதன் மேல் அப்பீல் கிடையாது. அங்கே தொகையை நன்றாக யோசித்த பிறகே சம்மதியுங்கள். மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டாலும், கொடுங்காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய் தர அரசுத் திட்டம் உண்டு. வருவாய்த் துறை விசாரணை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

தை மாதத்தில் காளையை ஏற்றிக்கொண்டு ஜல்லிக்கட்டு வாடிவாசலுக்கு வரும் சரக்கு வண்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சட்டத்தின் கண்ணில் கால்நடையும் சரக்குதான். சரக்கின் உரிமையாளருக்கோ அவர் அனுப்பும் பிரதிநிதிக்கோ அந்த வண்டியில் காப்பீடு உண்டு. கூடவே ஏறிவரும் பத்து இளைஞர்களுக்குக் கிடையாது. கட்டணமில்லாமல் சரக்கு வண்டியில் வருபவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2003-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டி கவிழ்ந்தால் அவர்களுக்கான இழப்பீடு வண்டி உரிமையாளர் தலையில்தான் விழும். அவருக்கோ வண்டியின் தவணையே பாக்கி இருக்கும். சொந்தக் காரிலும் இதே ஓட்டை உண்டு: வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி எடுத்திருந்தால் உள்ளே உட்கார்ந்து வருபவர்களுக்கு அது பொருந்தாது. முழுமையான பேக்கேஜ் பாலிசியா என்று புதுப்பிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.