கதைக்குள் கைவைக்கும் தலைமுறை

2021ஆம் ஆண்டில் டெலாய்ட் நிறுவனம் அமெரிக்காவில் நடத்திய ஊடகப் பழக்கங்கள் பற்றிய ஆய்வில், 1997 முதல் 2007 வரை பிறந்த இளையோரிடம் மிகவும் பிடித்த பொழுதுபோக்கு எதுவென்று கேட்டபோது, 26 சதவீதத்தினர் வீடியோ கேமைக் குறிப்பிட்டனர். வீட்டில் திரைப்படமோ தொலைக்காட்சியோ பார்ப்பதை முதலிடத்தில் வைத்தவர்கள் 10 சதவீதத்தினர் மட்டுமே. அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே, 2019 ஜனவரியில், நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தன் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில், எச்பிஓ என்னும் தொலைக்காட்சி நிறுவனத்தைவிட ஃபோர்ட்நைட் என்னும் விளையாட்டுடனேயே தான் அதிகம் போட்டியிடுவதாகவும் அதனிடம் தோற்பதாகவும் ஒப்புக்கொண்டிருந்தது.

இந்த மாற்றத்துக்கு இளையோரின் பொறுமையின்மையே காரணம் என்று பெரியவர்கள் சொல்லிக்கொள்வது பிழையான கணிப்பாகும். இரண்டரை மணி நேரப் படத்தின் நடுவே கைப்பேசியைத் தேடும் அதே இளைஞர், விளையாட்டின் கடினமான ஒரு கட்டத்தைக் கடப்பதற்காகப் பத்துமுறை தோற்ற பின்பும் பதினோராம் முறை சலிக்காமல் அமர்கிறார். ஆகவே ஆராய வேண்டியது, திரைப்படம் கொடுக்காத எதனை விளையாட்டு அவருக்குக் கொடுக்கிறது என்பதையே.

அறிஞர்கள் அதனை ஊடாட்டம் என்பர். பயனர் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் படைப்பு மறுவினை ஆற்றி, அந்த மறுவினைக்கேற்பப் பயனர் மீண்டும் செயல்படுவதே ஊடாட்டமாகும். சுவீடனில் உருவாகி 2011இல் முழு வடிவில் வெளிவந்து, 30 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றுள்ள மைன்கிராஃப்ட் இதற்குத் தக்க சான்று. அதில் ஆடுபவர் கனசதுரக் கட்டிகளால் ஆன காட்டிலோ பாலையிலோ வெறுங்கையுடன் விடப்படுகிறார். மரத்தைக் கையால் அடித்து வெட்டி, அதைப் பலகையாக்கி, பலகையைக் கொண்டு மரக் குந்தாலி செய்து, அதனால் கல்லையும் பின்னர்க் கற்குந்தாலியால் இரும்பையும் தோண்டி எடுக்கிறார். இருள் சூழ்ந்ததும் பூதங்கள் வரும் என்பதால் அதற்குள் ஒரு குடிசையையாவது கட்டி முடிக்க வேண்டும். ரெட்ஸ்டோன் என்னும் செந்தூளைக் கம்பிபோலப் பரப்பி மின்சுற்றுக்கு நிகரான அமைப்புகளைச் செய்யவும் இயலும் என்பதால், தானே திறக்கும் கதவில் தொடங்கிய சிறுவர்கள் கணிப்பொறியின் அடிப்படைத் தர்க்கம் வரை சென்றிருக்கிறார்கள். எழுதிவைத்த கதையென்று சொல்லத்தக்கது அதில் மிகக் குறைவு. முதல் இரவை எப்படிக் கடந்தார் என்பதுதான் ஆடுபவரின் கதை, அக்கதை மற்றொருவருக்கு அப்படியே நிகழ்வதில்லை.

இந்த ஈர்ப்புக்கான உளவியல் விளக்கத்தை, எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் வகுத்த தன்முடிவுக் கோட்பாட்டில் காணலாம். தன் விருப்பப்படி செயல்படும் உரிமை, தன் திறன் வளர்வதைத் தானே உணரும் நிறைவு, பிறரோடு கொள்ளும் பிணைப்பு ஆகிய மூன்றும் மனித மனத்தின் அடிப்படைத் தேவைகள் என்று கூறும் அக்கோட்பாட்டை, ரயனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2006இல் வீடியோ கேம்களுக்குப் பொருத்திக் காட்டினர். எந்தப் பாடம், எந்தக் கல்லூரி, எத்தனை மணிக்கு எழுவது என்பவற்றையெல்லாம் பிறர் முடிவு செய்ய, ஒரு தேர்வின் தோல்வி ஓராண்டைப் பறித்துவிடும் வாழ்வில் இருக்கும் இளையோருக்கு, தோல்வியின் விலை சில நிமிடங்களே என்றுள்ள ஓர் உலகம் எத்துணை ஆறுதலாக இருக்கும் என்பதைப் பெரியவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதான பிணைப்பே இக்காலத்தில் மேலோங்கி நிற்கிறது. ஃபோர்ட்நைட்டில் 100 பேர் ஒரு தீவில் இறங்கி இறுதிவரை எஞ்சப் போராடுகிறார்கள் என்றாலும், பலருக்கு அது நண்பர்கள் நால்வர் ஒலிவாங்கியில் பேசிக்கொண்டிருக்கும் திண்ணையே. பெருந்தொற்றினால் வீடுகள் அடைபட்டிருந்த 2020 ஏப்ரலில் டிராவிஸ் ஸ்காட் என்னும் பாடகரின் நிகழ்ச்சி அவ்விளையாட்டுக்குள் நடந்தபோது, ஒரே நேரத்தில் 1 கோடியே 23 லட்சம் பேர் அதில் கூடியிருந்தனர். இந்தியாவில் 2016க்குப் பின் இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்தபோது, தனிக் கருவி வாங்க வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கும் பப்ஜி மொபைல் என்னும் கைப்பேசி விளையாட்டின் வழியே இக்கூடுகை கிட்டியது. 2020 செப்டம்பரில் அரசு அதனைத் தடைசெய்தபோது, பலர் இழந்தது ஒரு விளையாட்டை மட்டுமன்று, மாலைதோறும் கூடிய நட்பு வட்டத்தையும்தான்.

எனினும் இந்த ஈர்ப்பு முழுவதும் இயல்பாக எழுந்ததன்று என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நாள்தோறும் வருவோருக்குப் பரிசு, இன்று வாங்காவிட்டால் மறைந்துவிடும் உடைகள், உள்ளே இருப்பது தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகள் எனப் பிள்ளைகளை விடாது பிடித்துவைக்கும் உத்திகள் பல விளையாட்டுகளில் திட்டமிட்டே பொருத்தப்படுகின்றன. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் அத்தகைய பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. சிறுவர்களின் தனியுரிமை மீறலும் ஏமாற்றி வாங்கவைக்கும் பொத்தான் அமைப்பும் குற்றச்சாட்டுகளாக எழுந்த வழக்குகளில், ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் 52 கோடி டாலர் செலுத்த 2022 டிசம்பரில் உடன்பட்டது. கட்டுப்பாடு இழந்து ஆடும் நிலையை உலக சுகாதார அமைப்பும் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது.

திரைப்படத்துக்கே உரிய ஆற்றல் ஒன்றும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. விளையாட்டில் இறந்தவர் மீண்டும் எழுவார். திரையில் வீழும் ஒருவரைப் பார்வையாளர் எவ்வளவு விரும்பினாலும் காப்பாற்ற இயலாது, பிறர் துயரின் முன் கையற்று நிற்கும் அந்தக் கணத்தில் பிறக்கும் இரக்கத்துக்கு நிகரானதை விளையாட்டுகள் அரிதாகவே எட்டியிருக்கின்றன. திரைப்படத்தை விட்டு விலகுவோருக்கு நேரும் இந்த இழப்பு சிறிதன்று.

திரையுலகமும் இளையோரை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. 2025 ஏப்ரலில் மைன்கிராஃப்ட் திரைப்படமாக வெளிவந்தபோது, அமெரிக்கத் திரையரங்குகளில் இளையோர் குறிப்பிட்ட வசனங்களுக்குச் சேர்ந்து கூவி, சோளப்பொரியை வாரி இறைத்தனர். முதல்நாள் முதல்காட்சியில் விசிலும் காகிதமழையும் கண்டு பழகிய தமிழ் ரசிகர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் அங்குள்ள சில திரையரங்குகள் எச்சரிக்கை அறிவிப்பு வைக்க நேர்ந்தது. படம் வெளியான ஒரு மாதத்துக்குள், பார்வையாளர்களும் சேர்ந்து பாடி ஆரவாரிப்பதற்கென்றே ஒரு தனிப்பதிப்பைத் தயாரிப்பு நிறுவனம் திரைக்குக் கொண்டுவந்தது.