அக்கரையில் ராக்கெட், இக்கரையில் கமலா

உவர்நீர் ஓரம் – 14

போன வாரம் பாடு முறையைப் பற்றி எழுதினேன். பழவேற்காடு ஏரியின் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்பதைக் கோட்டைக்குப்பமும் நடுக்குப்பமும் ஆண்டிக்குப்பமும் சீட்டுப் போட்டு முடிவு செய்துகொள்ளும் பழைய ஏற்பாடு அது. பெரியவர்கள் சமாசாரம். இந்த வாரம் அந்த வீடுகளில் வளரும் பிள்ளைகளை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு காமிக்ஸ் புத்தகத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். பழவேற்காட்டைப் பற்றிய தொடரில் அமெரிக்க சூப்பர் ஹீரோவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இந்தக் கரைக்கு இவ்வளவு நெருக்கமான ஒரு கதையை நான் சமீபத்தில் படிக்கவில்லை. அதுதான் காரணம்.

புத்தகத்தின் பெயர் ‘மிஸ் மார்வெல்’. 2014 பிப்ரவரியில் தொடங்கிய மாத இதழின் முதல் 11 இதழ்களை ஒன்றாகச் சேர்த்து, வழக்கமான காமிக்ஸைவிடப் பெரிய அளவில், கெட்டி அட்டை போட்டு வந்த தொகுப்பு. நம் ஊர் காமிக்ஸ் வாசகர்கள் ஆசையாக ‘குண்டு புக்’ என்பார்களே, அந்த வகை. எழுதியவர் ஜி. வில்லோ வில்சன். பெரும்பகுதி ஓவியம் ஏட்ரியன் அல்போனா. நாயகி கமலா கானுக்கு 16 வயது. பாகிஸ்தானிலிருந்து நியூ ஜெர்சிக்குக் குடியேறிய முஸ்லிம் குடும்பத்துப் பெண். இந்தப் பாத்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான பதிப்பாசிரியர் சனா அமானத்தும் நியூ ஜெர்சியில் வளர்ந்த பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண்தான். முதல் ஐந்து இதழ்களின் சிறு தொகுப்புக்கு 2015இல் ஹியூகோ விருது கிடைத்தது.

கமலா இருக்கும் ஊர் ஜெர்சி சிட்டி. ஹட்சன் ஆற்றின் ஒரு கரை. எதிர்க்கரையில் மன்ஹாட்டன். மார்வெல் கதைகளில் அவெஞ்சர்களும் மற்ற மாவீரர்களும் பறப்பதும் மோதுவதும் உலகைக் காப்பதும் அந்த எதிர்க்கரையில்தான். கமலா இந்தப் பக்கம் தன் அறையில் உட்கார்ந்து அவர்களைப் பற்றிக் கற்பனைக் கதை எழுதுகிறவள்.

பழவேற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 அங்கிருந்துதான் கிளம்பியது. ராக்கெட் ஏவும் நாளில் குறிப்பிட்ட கடல் பகுதிக்குள் படகு போகக் கூடாது என்று மீனவர்களுக்கு உத்தரவு வரும். உலகமே பார்க்கும் காரியம் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நடக்கிறது. இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அன்றைய தொழில் நின்றுபோகிறது. இந்தப் பக்கத்தில் நின்று ஒரு கதையைத் தொடங்கியதுதான் வில்சன் செய்த பெரிய காரியம்.

கதை இப்படிப் போகிறது. வீட்டில் அனுமதி மறுத்த ஒரு விருந்துக்கு, கமலா இரவில் சன்னல் வழியே இறங்கி ஆற்றங்கரைக்குப் போகிறாள். அங்கே அவமானப்பட்டுத் திரும்பும்போது ஊரையே ஒரு விசித்திரப் பனிமூட்டம் மூடுகிறது. அது கலைந்ததும் அவளுக்கு உருவம் மாறும், கை நீளும் சக்தி வந்துவிடுகிறது. முதலில் எப்படி மாறுகிறாள் தெரியுமா? தான் பூஜித்த வெள்ளைக்கார வீராங்கனை கேரல் டான்வர்ஸின் உருவத்துக்கு. மஞ்சள் முடி, பளபளக்கும் உடை, உயரமான காலணி. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் உடை உறுத்துகிறது, முடி கண்ணில் விழுகிறது. அந்த உருவத்தில் இருக்கும்போதுதான் அவள்மீது துப்பாக்கிக் குண்டும் பாய்கிறது. தன் சொந்த உருவத்துக்குத் திரும்பியதும் காயம் ஆறிவிடுகிறது. அதன் பிறகு அவள் தன் முகத்தோடு, பெண்கள் நீச்சலுக்குப் போடும் புர்கினியை வெட்டித் தைத்த உடையில்தான் சண்டைக்குப் போகிறாள். இந்தச் சம்பவத்துக்கு வில்சன் எந்த விளக்கவுரையும் எழுதவில்லை. அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்தது.

மீனவர் குப்பங்களுக்குப் பக்கத்திலேயே முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டுவதற்கு முன்பே கடல் வணிகத்தில் இருந்த மரக்காயர்களின் ஊர் இது. ஜமீலாபாத் பக்கம் ஒரு மதிய வேளையில், பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஆங்கிலம் என்பதால் பேச்சுக் குமிழிகளை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் முதலில் கவனித்தது சண்டையை அல்ல. “அக்கா, இந்தப் பொண்ணு முக்காடு போட்டிருக்கா, கமலா போடல. ரெண்டு பேரும் ஃபிரண்ட்ஸா?” என்றாள்.

ஆமாம், கமலாவின் தோழி நக்கியா தலைத்துணி அணிகிறவள். யாரும் கட்டாயப்படுத்தினார்களா என்று வகுப்புத் தோழி ஒருத்தி பரிதாபமாகக் கேட்கும்போது, தன் அப்பாவே அதை எடுத்துவிடச் சொல்கிறார் என்கிறாள். கமலாவின் அண்ணன் ஆமிர் தொழுகையிலேயே மூழ்கியவன். வங்கியில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு அவனுக்கு வேலை இல்லையே என்று கவலை. ஒரே வீட்டுக்குள் மார்க்கத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கடைப்பிடிக்கிறார்கள், யாரையும் ஆசிரியர் கேலிப்பொருள் ஆக்குவதில்லை. பள்ளிவாசல் ஷேக்கிடம் புத்திமதி கேட்கக் கமலா அனுப்பப்படும் இடத்தில், திட்டு விழும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவரோ, செய்வது எதுவானாலும் துணிவோடும் நேர்மையோடும் இரக்கத்தோடும் செய் என்று அனுப்பிவைக்கிறார். அந்தப் பக்கங்களை அந்தப் பெண் இரண்டாம் முறை சொல்லச் சொன்னாள்.

2015இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் முஸ்லிம்களை இழிவுபடுத்தும் பேருந்து விளம்பரங்கள்மீது யாரோ கமலாவின் படத்தை ஒட்டி மறைத்தார்கள். ஒரு காமிக்ஸ் பாத்திரம் அந்த அளவுக்கு மக்களுடையதாகிவிட்டது.

தொகுப்பாகப் படிப்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு. மாதாமாதம் 20 பக்கமாகப் படித்தால் மூன்றாம் இதழில் கடையில் திருட வரும் பையனைப் பத்தாம் இதழ் வருவதற்குள் மறந்துவிடுவோம். மொத்தமாகப் படிக்கும்போது, அவன் ‘இன்வென்டர்’ என்ற வில்லனின் கூட்டத்தில் சேர்ந்தது எப்படி, ஊரில் காணாமல்போகும் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதெல்லாம் ஒரே சரடாகத் தெரிகிறது. நடுவில் வுல்வரின் விருந்தாளியாக வந்து போகும் இரண்டு இதழ்கள் மட்டும் கதையின் ஓட்டத்தைத் தளர்த்துகின்றன. அங்கே மட்டும் ஓவியரும் வேறு, ஜேக்கப் வயட்.

அந்த வில்லன் பார்ப்பதற்குப் பறவைத் தலையோடு வேடிக்கையாக இருக்கிறான். அவன் செய்வதில் வேடிக்கை எதுவும் இல்லை. பதின்வயதுப் பிள்ளைகளை இயந்திரங்களுக்குள் படுக்கவைத்து அவர்கள் உடலிலிருந்து மின்சாரம் எடுக்கிறான். அவர்களைக் கடத்தியிருப்பான் என்று கமலாவைப் போலவே நாமும் நினைக்கிறோம். அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே வந்தவர்கள். நாங்கள் இந்த உலகத்துக்குப் பாரம், எங்களால் ஆகப்போவது எதுவுமில்லை, பேட்டரியாகவாவது பயன்படுகிறோம் என்கிறார்கள். அவர்களை நம்பவைத்துவிட்டார்கள். கமலாவின் கை எவ்வளவு நீண்டாலும் இந்த இடத்தில் உதவாது. அவள் உட்கார்ந்து அவர்களோடு பேச வேண்டியிருக்கிறது.

இந்தப் பக்கங்களில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். பழவேற்காட்டுக்குத் தெற்கே கரையோரமாகப் போனால் காட்டுப்பள்ளித் துறைமுகம், அதைத் தாண்டி வட சென்னை அனல் மின் நிலையம், வல்லூர் அனல் மின் நிலையம். சென்னைக்கு வெளிச்சம் தருவதில் இந்தக் கரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. சாம்பல் கொட்டியது எண்ணூர்க் கழிமுகத்தில். துறைமுக விரிவாக்கத்தைப் பழவேற்காட்டு மீனவர் ஊர்கள் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகின்றன. முகத்துவாரம் மணல் மூடி அடைபடும் காலங்களில் கடல் நீர் ஏரிக்குள் வராது, இறால் குஞ்சும் வராது. ‘தொழில் இனி இல்லை, வேறு வழி பார்’ என்று பெற்றவர்கள் அன்பினால் சொல்கிறார்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் அதையே வேறு குரலில் சொல்கிறார்கள்: உங்கள் ஏரியும் நீங்களும் வளர்ச்சிக்கு இடைஞ்சல். இதைக் கேட்டுக்கேட்டு வளரும் பிள்ளை, தன்னால் ஒரு பயனும் இல்லை என்று நம்பத் தொடங்குவதற்கு அதிக காலம் பிடிக்காது.

தமிழில் காமிக்ஸ் படிக்கும் பழக்கம் புதிதல்ல. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. ‘ரத்தப் படலம்’ கதையின் 18 பாகங்களை 2010இல் ஒரே குண்டு புத்தகமாகக் கொண்டுவந்த துணிச்சலும் நம்மிடம் இருந்தது. ஆனால் நாம் கொண்டாடிய நாயகர்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள், உளவாளிகள், கௌபாய்கள். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய, அம்மாவிடம் திட்டு வாங்குகிற, கரையோரத்துச் சின்ன ஊரை விட்டுக்கொடுக்காத ஒரு பெண் பிள்ளை நாயகியாக வரும் குண்டு புக் தமிழ்ப் பிள்ளைகளின் கைக்கு வரவேண்டும். கமலாவே தமிழ் பேசி வந்தாலும் சரி, ஏரிக்கரையிலேயே பிறந்த ஒருத்தியை நம் எழுத்தாளரும் ஓவியரும் சேர்ந்து உருவாக்கினாலும் சரி. இரண்டாவது நடந்தால் இன்னும் மகிழ்வேன்.

1948இல் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்து இந்தியாவுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் வாங்கும் புத்தகங்களில் காமிக்ஸுக்கும் ஓர் இடம் கொடுங்கள் என்று நூலகத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, உங்கள் வீட்டுப் பரணில் முத்துவோ லயனோ ராணியோ கட்டுக்கட்டாகத் தூங்கிக்கொண்டிருந்தால், அவற்றைத் தூசி தட்டி, கடலோர ஊர் ஒன்றின் கிளை நூலகத்துக்கோ பள்ளிக்கோ கொண்டுபோய்க் கொடுங்கள்.