லாரி ஓட்டுநரின் மருத்துவக் காப்பீடு: கேட்க வேண்டிய ஆள், பார்க்க வேண்டிய தாள்

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலை ஓரமாகவும், வண்டலூரில் வெளிவட்டச் சாலை தொடங்கும் இடத்திலும் நிற்கும் லாரிகளில் ஓட்டுநர்களிடம் பேசிப் பாருங்கள். வண்டியின் இன்சூரன்ஸ், எஃப்.சி., பெர்மிட் எல்லாம் எப்போது முடிகிறது என்று தேதியோடு சொல்வார்கள். உங்களுக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்றால், "வண்டிக்குப் போட்டிருக்கே, அதுல வராதா?" என்று கேட்பவர்கள் உண்டு. வராது. உரிமையாளரே ஓட்டுபவராக இருந்தால் வண்டிக் காப்பீட்டோடு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு உண்டு. அது மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் உரியது. சம்பளத்துக்கு ஓட்டுபவருக்கு வேலையில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு கிடைக்கலாம். நெஞ்சுவலி, சிறுநீரகக் கல், முதுகுத்தண்டு அறுவை போன்றவற்றுக்கு அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது.

பணம் கட்டி பாலிசி எடுக்கும் முன், கட்டாமலே கிடைப்பதைப் பார்த்துவிட வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. தாம்பரம்காரர்கள் வருமானச் சான்றோடு செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் பதியலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் டிரான்ஸ்போர்ட்டில் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. உங்கள் உரிமை, முதலாளி மனம் வைத்துத் தரும் சலுகை அல்ல. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த மாநிலத்தவராக இருந்தாலும் கிடைக்கும்.

இவற்றில் அடங்காதவர்களுக்கும், இவை போதாதென்று நினைப்பவர்களுக்கும்தான் தனியார் பாலிசி. அங்கேதான் ஆள் தேர்வு வருகிறது. நம் பக்கத்தில் பெரும்பாலும் நடப்பது இது: வண்டிக்கு எஃப்.சி. வேலை பார்த்துத் தருபவரே "அப்படியே ஹெல்த்தும் போட்டுடலாம்ணே" என்கிறார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் யாருடைய ஆள் என்பதைக் கேட்டாக வேண்டும். தனிநபர் ஏஜென்ட் காப்பீட்டு நிறுவனத்தின் பிரதிநிதி. மருத்துவக் காப்பீட்டை மட்டுமே விற்கும் நிறுவனங்களில் ஒன்றுக்குத்தான் அவர் ஏஜென்டாக இருக்க முடியும். புரோக்கர் என்பவர் சட்டப்படி வாடிக்கையாளரின் பிரதிநிதி. பல நிறுவனங்களின் பாலிசிகளை ஒப்பிட்டுக் காட்டுவதும், கிளெய்ம் நேரத்தில் கூட நிற்பதும் அவர் கடமை. அவருக்கும் கமிஷன் தருவது காப்பீட்டு நிறுவனம்தான் என்பதை மறக்க வேண்டாம். அதனால், "இதைவிட விலை குறைந்த பாலிசியை ஏன் சொல்லவில்லை?" என்று நேருக்கு நேர் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவர் வேண்டாம்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிடம் பதிவு பெறாமல் யாரும் புரோக்கர் தொழில் செய்யக் கூடாது. பதிவு எண்ணை வாங்கி ஆணையத்தின் இணையதளப் பட்டியலில் சரிபார்க்கலாம். பிரீமியத்தைக் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். பணம் நிறுவனத்துக்குப் போய்ச் சேராமல் காப்பு தொடங்காது. "என் கமிஷன்ல பாதி உங்களுக்கு" என்பவர் 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆவது பிரிவை மீறுகிறார். தொடக்கத்திலேயே சட்டத்தை மீறுபவரிடம் உங்கள் உடல்நிலை விவரத்தை ஒப்படைக்கலாமா?

உண்மையான ஆபத்து முன்மொழிவுப் படிவத்தில் இருக்கிறது. இரவெல்லாம் ஓட்டி, நேரம் கெட்டுச் சாப்பிடும் தொழிலில் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் புதிதல்ல. விற்பவரோ வேலை சீக்கிரம் முடியட்டும் என்று எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று டிக் அடித்து, செல்போனுக்கு வந்த ஓ.டி.பி.யைக் கேட்கிறார். இரண்டு வருடம் கழித்து ஸ்டென்ட் வைக்கும்போது பழைய மருந்துச் சீட்டு வெளியே வருகிறது. நோயை மறைத்தீர்கள் என்று கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது. டிக் அடித்தவர் அப்போது எங்கே இருப்பார்?

உள்ளதைச் சொன்னால் பாலிசி கிடைக்காது என்ற பயம் தேவையில்லை. பிரீமியம் கூடலாம், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் இருக்கும். 2024 முதல் அது அதிகபட்சம் 36 மாதம். சொன்னவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. சர்க்கரை நோயைத் தெரிவித்தே வெளிநாட்டுப் பயணப் பாலிசி எடுத்த ஒருவருக்கு அமெரிக்காவில் இறங்கியதும் மாரடைப்பு. கிளெய்மை நிராகரித்தது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா நிறுவனம். தெரிவித்த நோயை ஏற்று பாலிசி தந்த பிறகு அதையே காட்டி மறுக்க முடியாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொடர்ந்து 60 மாதம் புதுப்பித்துவிட்டால், மோசடியை நிரூபித்தால் தவிர, மறைத்ததாகச் சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது. ஆகவே ஓ.டி.பி. சொல்லும் முன் படிவத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தொழில் என்ற இடத்தில் 'கனரக வாகன ஓட்டுநர்' என்றே இருக்கட்டும்.

முகவரியும் முக்கியம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், குடியிருப்பு முடிச்சூர் என்றால், ஊர் முகவரியில் போட்டால் பிரீமியம் குறைவு என்பார்கள். சில பாலிசிகளில் அப்படி எடுத்துவிட்டுச் சென்னையில் சிகிச்சை பெற்றால் பில்லில் ஒரு பங்கை நீங்களே கட்ட வேண்டும். அறை வாடகை வரம்பும் இதேபோல் கடிக்கும். 3 லட்சம் பாலிசியில் வாடகை வரம்பு ஒரு சதவீதம் என்றால் நாளுக்கு 3,000 ரூபாய். 6,000 ரூபாய் அறையில் படுத்தால், அறை வாடகையோடு மருத்துவர் கட்டணமும் அறுவை அரங்கக் கட்டணமும் பாதியாக வெட்டப்படலாம். மருந்து, உள்வைக்கும் கருவி, பரிசோதனைச் செலவில் அப்படி வெட்டக் கூடாது. லோடு ஏற்றிப் போகும் விஜயவாடா, நாக்பூர் வழியில் எந்த மருத்துவமனைகளில் கேஷ்லெஸ் உண்டு என்ற பட்டியலையும் புரோக்கரிடம் கேட்டு வாங்குங்கள். ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் 'ஆரோக்கிய சஞ்சீவனி' பாலிசி இருக்கிறது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் விதிகள் ஒன்றே.

பாலிசி வந்ததும் 30 நாள் உங்கள் கையில். சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று என்றால் அதற்குள் திருப்பித் தரலாம். கிளெய்ம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஆணையத்தின் 155255 எண்ணிலும் புகார் செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ, தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். 2021 முதல் புரோக்கர்கள் மீதான புகாரும் அங்கே எடுபடும். அதற்குக் கையில் வேண்டியவை பாலிசி, முன்மொழிவுப் படிவ நகல், நிராகரிப்புக் கடிதம். அசல்களை வீட்டில் வைத்து, லாரி கேபினில் நகல் வையுங்கள். பாலிசி எண்ணும் புரோக்கரின் போன் நம்பரும் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.