சொன்னவருக்கு மெமோ வராது

1974 டிசம்பர் 1. வாஷிங்டன் அருகே தரையிறங்க வந்த டிடபிள்யூஏ 514 விமானம் வர்ஜீனியா மாநில மலையொன்றில் மோதியது. அதிலிருந்த 92 பேரும் இறந்தனர். தரையிறங்கக் கிடைத்த அனுமதியைத் தவறாகப் புரிந்துகொண்ட விமானிகள், உரிய இடத்துக்கு முன்பே தாழப் பறந்துவிட்டார்கள். ஆறு வாரங்களுக்கு முன்புதான் யுனைடெட் விமானம் ஒன்று அதே குழப்பத்தில் சிக்கி மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த எச்சரிக்கை யுனைடெட் விமானிகளைத் தாண்டிப் போகவில்லை.

இந்த விபத்துக்குப் பிறகு, 1976இல் அமெரிக்காவில் விமானப் பாதுகாப்பு அறிக்கை முறை தொடங்கியது. விமானிகள் போன்றோர் தங்கள் தவறுகளையும் தாங்கள் கண்ட ஆபத்துகளையும் எழுதி அனுப்பும் அறிக்கை, தண்டிக்கும் அதிகாரம் உள்ள விமானத்துறைக்குப் போகாது. நாசா அதை வாங்கும். பெயர் எழுதிய பகுதியைக் கிழித்து, முத்திரையிட்டு, அனுப்பியவருக்கே திருப்பிவிடும். தெரியாமல் விதி மீறியவர் பத்து நாளுக்குள் எழுதினால், அந்தச் சீட்டே பெரும்பாலும் அவரை அபராதத்திலிருந்து காக்கும். கற்ற பாடங்கள் 'கால்பேக்' என்ற மாத இதழில் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

மருத்துவமனைக்கும் இதே அமைப்பு பொருந்தும். 2000இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளுக்காக இப்படி ஒன்றை உருவாக்க நாசாவே ஒப்பந்தம் செய்தது. இரவு டியூட்டி முடிந்து களைத்திருக்கும் செவிலியர் சில நிமிடங்களில் நிரப்பும்படி படிவம் சிறியதாக இருக்க வேண்டும். அதை வாங்குபவர், அவருக்கு மெமோ கொடுக்கும் அதிகாரியாக இருக்கக் கூடாது. நோயாளிக்குத் தீங்கு நேராமல் தப்பிய சம்பவங்களும் அதில் இடம்பெற வேண்டும்.

எடுத்துக்காட்டாக, செறிவான பொட்டாசியம் குளோரைடை நீர்க்கச் செய்யாமல் சிரையில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அந்தக் குப்பி பார்வைக்கு வேறு சாதாரண மருந்துக் குப்பிகளைப் போலவே இருக்கக்கூடும். மாற்றி எடுத்த செவிலியரைப் பணிநீக்கம் செய்தாலும் குப்பி அதே அலமாரியில்தான் இருக்கும். அடுத்தவரும் மாற்றி எடுக்கலாம். இப்படிப்பட்ட மரணங்கள் பல இடங்களிலிருந்து பதிவானதால், செறிவுக் குப்பிகளை வார்டு இருப்பிலிருந்தே அகற்றும்படி 1998இல் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அறிவுரை வந்தது. யார் செய்தார் என்பதோடு நிற்காமல், எப்படி நடந்தது என்று கேட்டதன் பலன் அது.

அறிக்கைகள் கூடினால் நிர்வாகம் பதற வேண்டியதில்லை. ஊழியர்கள் அச்சமின்றிப் பேசுகிறார்கள் என்று அதற்குப் பொருள் இருக்கலாம். ஒன்றுமே வராத வார்டைத்தான் கவலையோடு பார்க்க வேண்டும். வந்த அறிக்கையால் என்ன மாறியது என்பதை எழுதியவருக்கும் அவருடைய வார்டுக்கும் தெரிவிக்க வேண்டும். பதில் வராத இடத்துக்கு யாரும் இரண்டாம் முறை எழுதமாட்டார்கள்.