தரைக்கடியில் புகைக்குழாய்: கொங்கிரீட் போடுமுன் தீர்மானியுங்கள்

கண்டியைச் சுற்றி எழும் புதிய வீடுகள் சிலவற்றில் குசினி நடுக்கூடத்துக்கு வந்துவிட்டது. சுவரோரம் இருந்த அடுப்பு, நான்கு பக்கமும் நின்று சமைக்கக்கூடிய 'ஐலண்ட்' மேடைக்கு மாறியிருக்கிறது. அழகுதான். ஆனால் கருவாடு பொரிக்கும் புகையும் மிளகாய் வறுக்கும் நெடியும் எந்த வழியால் வெளியேறும் என்பதை வீட்டின் வரைபடத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

வழி இரண்டு. ஒன்று, கூரையிலிருந்து தொங்கும் ஹூட். மற்றது, மேடையிலேயே பொருத்தி, புகையைக் கீழே இழுத்துத் தரைக்கடிக் குழாயால் வெளியேற்றும் எக்ஸ்ட்ராக்டர். அமெரிக்காவின் ஜென் ஏர் நிறுவனம் 1960களில் பரப்பிய முறை இது. 2007இல் தொடங்கிய ஜெர்மனியின் போரா நிறுவனம் இதற்குப் புது வாழ்வு கொடுத்தது.

கண்டியின் நிலம் இந்த முறைக்கு இடம் கொடுக்கிறது. ஹந்தானை, அனிவத்தை போன்ற சரிவுகளில் பல வீடுகளின் பின்பக்கம் மண்ணைத் தொட்டிருக்கும். முன்பக்கம் தூண்களில் நிற்கும். அந்தத் தாழ்ந்த பக்கச் சுவரில் குழாயின் வாயை வைத்துவிடலாம்.

சிக்கல் தடிப்பில் இருக்கிறது. வழமையான தரைச் சிலாப் 4 அல்லது 5 அங்குலம். எக்ஸ்ட்ராக்டருக்குப் பெரும்பாலும் வேண்டியிருக்கும் 6 அங்குலக் குழாய் அதற்குள் அடங்காது. மண்தரையாயின் சிலாப்புக்குக் கீழே புதைக்க வேண்டும். தூண்களில் நிற்கும் தளமாயின் அடியில் தொங்கவிட வேண்டும். குழாய்க்கு வழிவிடப் பீமை வெட்டுவது கூடவே கூடாது.

குழாய் வழவழப்பான உலோகமாக இருக்கட்டும். நெளிகுழாயின் மடிப்புகளில் எண்ணெய்ப் பிசுக்குத் தங்கிவிடும். தூரமும் வளைவும் கூடக்கூட இழுவை குறையும். குளிரான இரவுகளில் நீராவி குழாய்க்குள்ளேயே நீராகிவிடும் என்பதால், வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக அமைப்பது நல்லது. வெளிவாயில் மூடியும் வலையும் இல்லாவிட்டால் எலி குடியேறும். சுத்தம் செய்ய ஒரு திறப்பும், வெளியேறும் காற்றுக்கு ஈடாகப் புதுக்காற்று வர ஒரு யன்னலும் அவசியம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பாதுகாப்பு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தாழ்ந்த இடத்தில் தேங்கும். 2021இன் இறுதியில் இலங்கை வீடுகளில் தொடர்ந்து நிகழ்ந்த எரிவாயு வெடிப்புகளை நாம் மறந்துவிடக் கூடாது. எனவே குழாயைத் தரைக்கடி வெற்றிடத்தில் முடிக்காமல், சுவரைத் தாண்டித் திறந்தவெளியில் முடிக்க வேண்டும். சிலிண்டரை வீட்டுக்கு வெளியே வையுங்கள். வாயு மணம் வந்தால் எக்ஸ்ட்ராக்டரைப் போடாதீர்கள். சுவிட்ச் பொறியே தீ மூட்டப் போதும்.

புகையின் இயல்பு மேலே எழுவது. உயரமான பானையிலிருந்து எழும் ஆவியைக் கீழிழுக்கும் கருவி முழுமையாகப் பிடிக்காது. தினமும் பெரிய சட்டியில் சமைக்கும் குடும்பத்துக்குக் கூரை ஹூட்டே சிறந்தது. தரைவழிதான் வேண்டுமென்றால், கொங்கிரீட் போடும் நாளுக்கு முன் குழாயின் பாதையையும் அது முடியும் இடத்தையும் மேசன் பாஸிடம் வரைந்து காட்டச் சொல்லுங்கள். தரை இறுகிய பின் திருத்துவதென்றால் உடைக்கத்தான் வேண்டும்.