வலி தராத நீரிழிவு

நீரிழிவு என்ற பெயரிலேயே அந்நோயின் முதல் அடையாளம் அடங்கியிருக்கிறது. குருதியில் சர்க்கரை மிகும்போது சிறுநீரகம் அதை நீருடன் வெளியேற்றுகிறது. அதனால் அடிக்கடி சிறுநீர் பிரிகிறது, தாகம் வாட்டுகிறது, உண்டும் உடல் மெலிகிறது. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கொண்டே நம் பாட்டிமார் இதைக் கண்டு சொன்னார்கள். ஆயினும் இவ்வடையாளங்கள் தோன்றுமுன்பே நோய் பல ஆண்டுகள் உடலில் குடியிருந்திருக்கக்கூடும்.

இரைப்பைக்குப் பின்னால் உள்ள கணையம் இன்சுலின் என்னும் நீரைச் சுரக்கிறது. குருதியிலுள்ள சர்க்கரை தசைகளுக்குள் புக அதன் துணை வேண்டும். பெரும்பாலும் சிறு வயதில் வரும் ஒரு வகையில் இச்சுரப்பு ஏறக்குறைய அறவே நின்றுவிடுகிறது. நம்மிடையே மிகுதியாகக் காணப்படும் மற்றொரு வகையிலோ, இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. பரம்பரையும், வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பும் இதற்கு முக்கிய காரணங்கள். மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு இந்நோய் இருந்தது. இந்தியரிடையே அவ்விகிதம் இன்னும் அதிகம். இதில் முந்திக்கொள்வது பெருமையன்று.

விடியுமுன் எழுந்து, மேடும் பள்ளமும் ஏறியிறங்கி, நூற்றுக்கணக்கான பால்மரங்களைச் சீவியவர் சோற்றைக் குவித்து உண்டார். உழைப்பு அதை எரித்தது. தோட்டத்தை விட்டு நகருக்குப் போன பிள்ளைகள் சோற்றின் அளவை மட்டும் உடன் கொண்டுபோயினர். போதாதற்கு டின்பால் கலந்த தே தாரிக் வேறு!

வெறும் வயிற்றில் எடுக்கும் குருதிச் சோதனையில் சர்க்கரை லிட்டருக்கு 7 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால், மறுமுறையும் சோதித்து நீரிழிவு என்று உறுதி செய்வர். அரசாங்க கிளினிக்கில் பெரும்பாலும் முதலில் மெட்ஃபோர்மின் மாத்திரை கொடுப்பார்கள். இரண்டு மாதம் விழுங்கிவிட்டு, "உடம்புதான் நன்றாயிருக்கிறதே" என்று நிறுத்துவோர் பலர். நன்றாயிருப்பதே அம்மாத்திரையினால் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. பாகற்காய் நல்ல காய். மருந்துக்கு மாற்று அன்று. இன்சுலின் போட்டால் முடிவு நெருங்கிவிட்டது என்ற அச்சமும் வீண். 1922 ஜனவரியில், கனடாவின் டொராண்டோ நகரில் அதை முதன்முதலாகப் பெற்றவன் சாகக் கிடந்த 14 வயதுச் சிறுவன். அவன் அதன்பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

மருந்தைக் கைவிட்டால் கண்ணும் சிறுநீரகமும் காலும் கெடும். இந்நாட்டில் புதிதாக டயாலிசிஸ் செய்துகொள்ள வருவோரில் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவால் சிறுநீரகம் பழுதானவர்களே. காலின் கதை இன்னும் கொடிது. நரம்பு மரத்துப்போனவருக்கு முள் குத்தினாலும் தெரியாது. தைப்பூசத்தன்று வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் வெறுங்காலுடன் நடந்தால், கொப்புளத்தைக் கண்ணால் கண்ட பிறகே சூட்டை அறிவார். இரவு படுக்குமுன் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய இயலாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். பேரப்பிள்ளைகளையும் பார்க்கச் சொல்லலாம். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் இதை வீட்டுப்பாடமாகவே கொடுத்திருக்கிறேன். கீறலோ புண்ணோ கண்டால், மஞ்சள் பூசிக் காத்திராமல் மறுநாளே கிளினிக்குக்கு அழைத்துப் போகும்படி பெற்றோரிடம் சொல்வதும் அப்பாடத்தில் சேர்ந்ததே.