காத்திருப்பும் கணிப்பொறியும்

வன்னியம்பட்டியிலிருந்து நூற்பாலை வேலைக்குச் செல்லும் என் தாயார் அடிக்கடி ஒன்று சொல்வார்: "இழை அறுந்தா உடனே ஒட்டணும். பாக்காம விட்டா நூல் சேராது, கழிவுதான் சேரும்." நிரல் எழுதும் கலைக்கும் இது முற்றிலும் பொருந்தும். பிழை நேர்வதற்கும் அது கண்ணில் படுவதற்கும் இடையே கழியும் நேரமே நிரலாளரின் வேகத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 370/155 என்னும் பெருங்கணிப்பொறி 1973-இல் ஜெர்மனியின் உதவியுடன் நிறுவப்பட்டது. அக்காலத்தில் அட்டைக்கு ஒரு வரியாக நிரலைத் துளையிடுவார்கள். ஓர் அட்டையில் 80 எழுத்துகளே அடங்கும். அட்டைக்கட்டைக் கொடுத்துவிட்டுத் தம் முறைக்குக் காத்திருக்க வேண்டும். தாளில் அச்சாகி வரும்போதுதான் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனது தெரியும். அந்த ஓர் அட்டையை மாற்றி மீண்டும் வரிசையில் நிற்க வேண்டியதுதான்!

1971-இல் ஐ.பி.எம். 3270 முனையங்கள் வந்தன. அவற்றிற்கு ஏற்ற ஐ.எஸ்.பி.எஃப். என்னும் திருத்தியில், வரி எண்ணின்மேல் 'டி' என்று அடித்தால் அவ்வரி நீங்கும். 'ஆர்' என்றால் இரட்டிக்கும். ஆனால் 'என்டர்' விசையை அழுத்தும்வரை முனையத்தில் அடித்தது பெருங்கணிப்பொறிக்குப் போகாது. வங்கிகளின் பெருங்கணிப்பொறிகளில் பணிபுரிவோர் இன்றும் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

1983-இல் வந்த டர்போ பாஸ்கல், எழுதும் இடத்தையும் மொழிமாற்றியையும் ஒன்றாக்கியது. பிழை இருந்தால் அதே வரிக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. இன்றைய விஷுவல் ஸ்டூடியோ கோடு போன்ற சூழல்களோ, எழுதும்போதே தவற்றின் கீழ்ச் சிவப்புக் கோடிடுகின்றன. பாதிப் பெயரை அடித்தால் மீதியைத் தாமே நிரப்புகின்றன.

இதனால் பயன் உண்டா? நிச்சயமாக உண்டு. ஐ.பி.எம்.மைச் சேர்ந்த டோஹர்டி, தடானி ஆகியோர் 1982-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, கணிப்பொறி பதிலளிக்கும் நேரம் 3 நொடியிலிருந்து 0.3 நொடியாகக் குறைந்தபோது, நிரலாளர் ஒரு மணியில் முடித்த செயல்கள் 180-இலிருந்து 371 ஆயின. காத்திருக்கும்போது எண்ண ஓட்டம் அறுந்துவிடுவதே காரணம்.

எனினும் மற்றொரு பக்கமும் உண்டு. 1968-இல் சாக்மன் குழுவினர், கணிப்பொறியுடன் நேரடியாக உரையாடி எழுதுவோரையும், கொடுத்துவிட்டுக் காத்திருப்போரையும் ஒப்பிட்டனர். பிழை திருத்துவதில் நேரடி முறையே விரைவாக இருந்தது. ஆனால் முறைக்கும் முறைக்கும் இருந்த வேறுபாட்டைவிட, ஆளுக்கும் ஆளுக்கும் இருந்த வேறுபாடே பெரிதாக இருந்தது!

இதை நான் என் அனுபவத்திலும் கண்டேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீட்டில் கணிப்பொறி இல்லை. நோட்டில் நிரல் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் மாறிகளின் மதிப்பைக் கட்டம் போட்டுக் குறிப்பேன். மடிக்கணினி வைத்திருக்கும் நண்பர்களைப் பார்த்து, நான் பின்தங்கிவிட்டேனோ என்று மனம் குமைந்ததுண்டு. ஒருநாள் ஆய்வகத்தில் மூன்று பாட மதிப்பெண்களின் சராசரி காணும் சி நிரல் எழுதினோம். மொத்தம் 200. சராசரி 66.67 வரவேண்டிய இடத்தில் 66.00 வந்தது. திரையில் சிவப்புக் கோடே இல்லை. இலக்கணப்படி நிரல் சரிதான். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் சி மொழி பின்னத்தை விட்டுவிடும் என்பதை என் நோட்டுக் கட்டம் காட்டிக்கொடுத்தது. அன்றுதான் என் தாழ்வு மனப்பான்மை நீங்கியது.

ஆயினும் நோட்டு மட்டும் போதுமென்று நான் கூறவில்லை. அறுந்த இழையை உடனே ஒட்ட, இயந்திரத்தின் அருகே நிற்கும் வாய்ப்பும் வேண்டுமல்லவா? ஆகவே சக மாணவர்களே, வாரம் ஒரு நிரலையாவது முதலில் தாளில் எழுதிப் பாருங்கள். பேராசிரியப் பெருமக்களே, வகுப்பு முடிந்த பின்னும் ஒரு மணி நேரம் ஆய்வகம் திறந்திருக்க அருள்கூர்ந்து ஆவன செய்யுங்கள். கணிப்பொறி இல்லாத வீடுகளிலிருந்து வரும் எங்களுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிது.